ஐந்தாம் எண் அழுந்தாத போன்

ஜூன் 3, செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தோடு வந்திருக்கும் பொட்டலத்தை அம்மாவைப் பிரிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது நீங்கள் எனக்கு வாங்கிக் கொடுத்த போன். சார்ஜர், உறை, கண்ணாடி கீறாமல் இருக்க நீங்களே உட்கார்ந்து ஒட்டிய தாள், எல்லாம் அப்படியே இருக்கின்றன. அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். தபாலில் அது எந்த வழியாக வருகிறது என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த முகத்தை எனக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியும்.

போன வியாழக்கிழமை டயர் கடைக்காரர் என்னை நிறுத்தினார். நான் வாரா வாரம் போகிற கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருப்பவர். அதுவரை நாங்கள் தலையசைத்துக்கொள்வதோடு சரி.

"ஏம்மா, உங்க அப்பா பஸ் டிப்போவுல இருந்தவரா?" என்றார்.

உங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கைப்பையைக் கீழே போட்டுவிட்டேன்.

"பதறாதேம்மா, நல்லாத்தான் இருக்காரு. மேப்புல கடை நம்பரைப் பாத்து எனக்குப் போன் பண்ணினாரு. எங்க வீட்டுப் பொண்ணு வியாழக்கிழமை ஆறு பத்துலேர்ந்து ஆறு ஐம்பது வரைக்கும் உங்க கடையிலதான் இருக்கா, உங்களுக்கு என்ன வயசுன்னு கேட்டாரு. அறுபத்திரண்டுன்னேன். அவ்வளவு வயசான்னுட்டு வச்சிட்டாரு. ரெண்டு நிமிஷம் கழிச்சுத் திரும்பக் கூப்பிட்டு, பையன் இருக்கானான்னாரு."

அப்பா, அந்த மனிதருக்குப் பேரன் இருக்கிறான். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. "மாடின்னு நான் சொல்லலம்மா. டயர் பாக்க வர்றாங்கன்னு சொல்லி வச்சேன். மூணு மாசமாவான்னு கேட்டாரு" என்றார். முன்பின் தெரியாதவர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். பெற்ற அப்பா வேவு பார்த்திருக்கிறார்.

அன்று படியேறாமலேயே அறைக்குத் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் ஒரே யோசனை. எல்லாருடைய அப்பாவும் போனை எடுத்ததும் முதலில் கேட்பது "எங்கம்மா இருக்க?" என்றுதான். என் கூட வேலை செய்பவர்களின் அம்மா, அப்பா, மாமியார், எல்லாரும் அப்படித்தான். இந்த ஒன்பது மாதத்தில் நீங்கள் ஒருமுறைகூட என்னை அப்படிக் கேட்டதில்லை. எங்க அப்பா தொல்லை பண்ண மாட்டார் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தெரிந்ததை எதற்குக் கேட்பானேன் என்று இருந்திருக்கிறீர்கள்.

சனிக்கிழமை பழைய போன் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"புதுசா காட்டட்டுமா?"

"பழசே போதும். பட்டன் போன்."

"கேமரா?"

"வேணாம்."

"மேப்பு?"

"வேணவே வேணாம்."

"கான்ட்ராக்ட்ல போடட்டுமா?"

"யார்கூடவும் வேணாம்."

அவர் சிரித்துவிட்டு, "யார்கிட்டேர்ந்தும்மா ஓடுற?" என்றார். "எங்க அப்பாகிட்டேர்ந்து" என்றேன். கீழ்த் தட்டிலிருந்து மூன்று போன் எடுத்து வைத்தார். ஒன்றுக்கு மூடி உடைந்திருந்தது. இன்னொன்றில் எதிராளி பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். அதில் ஐந்தாம் எண் மட்டும் தேய்ந்து போயிருக்கிறது, நகத்தால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றபடி பேசலாம், கேட்கலாம், காலையில் எழுப்பும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலைந்து நாள் தாங்குகிறது. காசு போட்டால் பேசும், இல்லையென்றால் சும்மா இருக்கும்.

எண்ணை உங்களுக்குத் தரப் போவதில்லை. அம்மாவுக்கும்தான், அவள் உங்களிடம் சொல்லிவிடுவாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்


ஜூன் 9, திங்கள், காலை 10.40

அன்பு மகள் வாண்டுக்கு,

பொட்டலம் நேற்று முன்தினம் வந்தது. நீ சொன்னபடி அம்மாவிடமே கொடுத்தேன். அவள் பிரித்துவிட்டு, "என்னங்க இது, பொண்ணு போனைத் திருப்பி அனுப்பியிருக்கா, கடன்காரனுக்கு அனுப்புற மாதிரி" என்றாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். அதிலிருந்து வீட்டில் எனக்குச் சாப்பாடு மட்டும்தான், பேச்சுக் கிடையாது.

நீ கோபப்படுவது நியாயம்தான். ஆனால் வேவு என்ற வார்த்தை கொஞ்சம் அதிகம் அம்மா.

நான் முப்பத்திரண்டு வருஷம் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. நீ பிறந்த நேரத்தைக்கூட ஆஸ்பத்திரிக்காரர்கள் தப்பாக எழுதினார்கள், நான்தான் சண்டை போட்டுத் திருத்தினேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு கடைசி வண்டி நாற்பது நிமிஷம் வரவில்லை. வரும் என்று நான் உட்கார்ந்திருந்தேன், யாரையும் கேட்கவில்லை. அது வாய்க்காலில் கிடந்தது. அதற்கப்புறம் ஒரு வண்டி கண்ணில் படவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது.

ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு வண்டி எதுவும் இல்லை. நீயும் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டாய். போன் வாங்கும்போது கடைக்காரர்தான், "பொண்ணு எங்க இருக்குன்னு உங்க போன்லயே தெரியிற மாதிரி பண்ணித் தரட்டுமா சார்?" என்றார். சரி என்றேன். தப்பு அந்த ஒரு சரியில்தான் ஆரம்பித்தது.

எழுத வந்துவிட்டேன், முழுதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்து அப்புறம் நீயாகக் கண்டுபிடித்தால் இன்னும் கேவலம். ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். டிப்போவில் மிஞ்சிய டிரிப் ஷீட் நோட்டு. அதில் தினமும் எழுதுவேன். "7.42 அறை விட்டது. 8.15 வேலை சேர்ந்தது. 5.35 வேலை விட்டது." இப்படித்தான். வேறொன்றுமில்லை. காலையில் நீ வேலைக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தை எழுதின பிறகுதான் நான் டீ குடிப்பேன்.

அம்மாவுக்கு இந்த நோட்டு விஷயம் தெரியாது. இதை எழுதும்போது பின்னால் வந்து நின்று படித்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து இப்போதுதான் வாயைத் திறந்தாள். "பெத்த பொண்ணுக்கு டிரிப் ஷீட் போட்டிருக்கீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்றாள்.

டயர் கடைக்காரரிடம் என் மன்னிப்பைச் சொல். வியாழன் தோறும் நாற்பது நிமிஷம் ஒரே இடத்தில் என்றதும், யாரோ பையன் என்று நினைத்துவிட்டேன். நல்ல பையன் என்றால் எனக்கு ஆட்சேபணையே இல்லை என்று சொல்வதற்குத்தான் கூப்பிட்டேன். சொல்ல வாய் வரவில்லை.

மாடியில் என்ன இருக்கிறது? நீ கேட்காதே என்று எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்.

அந்தப் போனின் ஒப்பந்தம் இன்னும் பதினைந்து மாதம் இருக்கிறது. அதை விடு. உன் புது எண்ணை மட்டும் அனுப்பு. ஐந்தாம் எண் அழுந்தாத போனை வைத்துக்கொண்டு ஒரு அவசரத்துக்கு நீ எப்படிக் கூப்பிடுவாய்?

அன்புடன்,
அப்பா


ஜூன் 14, சனி

அன்புள்ள அப்பாவுக்கு,

நோட்டா?

நான் உங்கள் கடிதத்தை வேலை செய்யும் மேஜையிலேயே பிரித்துவிட்டேன். எதிரே யாரோ ஒரு பெரியவருக்காக நான் செய்துகொண்டிருந்த பல்செட்டின் மேல்வரிசை மெழுகில் அரைகுறையாக நின்றுகொண்டிருந்தது. "7.42 அறை விட்டது" என்ற இடம் வந்ததும் கையிலிருந்த சின்னக் கத்தி மெழுகில் இறங்கிவிட்டது. முன்பல் இரண்டும் போச்சு. அதை மறுபடி முதலிலிருந்து அடுக்க வேண்டியதாயிற்று.

"விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டாள் என்றுகூட இல்லை.

கோபத்தில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்தேன். இப்போதும் கோபம்தான், ஆனால் அதற்கு அடியில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது.

பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவீர்கள். அன்று மட்டும் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டீர்கள். நான் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டீர்கள். நாலாவது தடவை எடுத்தேன். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, வாஷர் அரை இஞ்ச்சா முக்கால் இஞ்ச்சா, ரப்பரா தோலா என்று ஆரம்பித்தீர்கள். குழாயை விட்டுவிட்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனீர்கள். தொட்டியிலிருந்து பக்கத்து வீட்டு மோட்டார் சத்தத்துக்குப் போனீர்கள். "காத்துச் சத்தம் இரையுது, நடந்துக்கிட்டே பேசு" என்றீர்கள். நடந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருப்பீர்கள். நான் அறைக் கதவைத் திறந்தபோது, "சரி, வச்சிடறேன்" என்று வைத்துவிட்டீர்கள்.

அந்த ஒரு போனை வைத்துக்கொண்டுதான் நான் இந்த நாலு மாதமும் இருந்தேன். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமலே, எங்க அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒருவரிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். சொல்லும்போது அழுதேன்.

இப்போது உங்கள் நோட்டைப் பற்றிப் படித்த பிறகு, நீங்கள் வைத்ததும் நான் கதவைத் திறந்ததும் ஒரே நிமிஷம் என்பது உறைக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. அன்று நீங்களாகக் கூப்பிட்டீர்களா, இல்லை போனில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டீர்களா? சுற்றி வளைக்க வேண்டாம். டிப்போ கதை வேண்டாம். ஆமாம், இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் மகள்


ஜூன் 19, வியாழன், மதியம் 2.15

அன்பு வாண்டுக்கு,

ஆமாம். பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

ஒரே வார்த்தையில் நிறுத்தச் சொன்னாய். நிறுத்திவிட்டேன். இனி வருவதைப் படிக்கப் பிடிக்கவில்லை என்றால் படிக்காதே, ஆனால் எழுதாமல் என்னால் தபால் தலை ஒட்ட முடியாது.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி 11: "5.35 வேலை விட்டது. 5.50 பாலம். நின்றுவிட்டது. காரணம் தெரியவில்லை." நீ தினமும் அந்தப் பாலத்தை மூன்று நிமிஷத்தில் தாண்டுவாய். அன்று ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று, புள்ளி அசையவில்லை. செருப்பு அறுந்திருக்கும் என்று நினைத்தேன். யாருக்காகவோ காத்திருக்கிறாய் என்று நினைத்தேன். பதினெட்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு 6.08க்குக் கூப்பிட்டேன்.

டிப்போவில் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். நடுவழியில் ஒரு வண்டி நின்றுவிட்டால், ஓட்டுநரிடம் எடுத்த எடுப்பில் "ஏன் நின்ன?" என்று கேட்க மாட்டோம். அப்படிக் கேட்டால் மனிதன் பதறுவான், இல்லையென்றால் வாய்க்கு வந்ததைச் சொல்வான். வேறு ஏதாவது பேச வேண்டும். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, டீ குடித்தாயா, அங்கே மழையா. கொஞ்ச நேரம் போனால் அவனே சொல்வான். அதைத்தான் உன்னிடமும் செய்தேன். நீதான் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை.

நீ பேசிக்கொண்டே நடக்க ஆரம்பித்ததும் புள்ளி நகர்ந்தது. அப்பாடா என்றிருந்தது. பாதியில் வைத்தால் மறுபடி நின்றுவிடுவாயோ என்று பேசிக்கொண்டே இருந்தேன். எனக்கு அவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வழியெல்லாம் நின்று நின்று நடந்தாய், 7.20க்குத்தான் அறை வந்தது. வைத்துவிட்டேன்.

குழாய் அன்று ஒழுகவே இல்லை. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

இதில் தப்பு என்ன என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நோட்டு தப்பு, ஒத்துக்கொள்கிறேன். டயர் கடை மகா தப்பு. அந்தப் போன் எப்படித் தப்பாகும்? நின்ற பெண்ணை அப்பாவான நான் கூப்பிட்டுப் பேசினேன், அவ்வளவுதானே? எதற்காக அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாய்? அன்று அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்?

எண்ணை அனுப்பு அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி ஆனால் கை தானாகப் போனைத் தேடுகிறது.

அப்பா


ஜூன் 24, செவ்வாய்

அப்பா,

உட்கார்ந்து படியுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கட்டும்.

அன்று என் செருப்பு அறுந்து போகவில்லை. யாருக்காகவும் காத்திருக்கவும் இல்லை. அறைக்குத் திரும்பி வரும் எண்ணத்தோடு நான் அந்தப் பாலத்துக்குப் போகவில்லை அப்பா.

எழுதிவிட்டேன். இதைத் தாளில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

காரணம் கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கே இன்னும் பயமாக இருக்கிறது. ஒருவருடைய மேல்வரிசையையும் இன்னொருவருடைய கீழ்வரிசையையும் ஜோடி சேர்த்து அனுப்பிவிட்டேன். முதலாளி அதை எல்லார் எதிரிலும் என் மேஜையில் வீசினார். கூட இருந்த அறைத் தோழி கல்யாணமாகிப் போய்விட்டாள். மூன்று நாளாக நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவில்லை என்பதை யாரும் கவனிக்கவும் இல்லை. அதற்கு முன்னால் இரண்டு மூன்று மாதமாகவே காலையில் எழுந்திருப்பது பெரிய மலையாக இருந்தது. வேறு என்ன சொல்ல? சொல்லிப் பார்த்தால் இவ்வளவுதானா என்று இருக்கிறது.

டயர் கடைக்கு மேலே இருப்பவர் மனநல மருத்துவர். பிப்ரவரி கடைசியிலிருந்து வியாழக்கிழமை தோறும் அவரைப் பார்க்கிறேன். உங்களுக்கு வரவேண்டிய மாப்பிள்ளை அவர் இல்லை, அவருக்கு அம்மா வயது. முதல் நாள் அவர் கேட்டது, "அன்னிக்கு எது உங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தது?" என்றுதான். எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சு டாக்டர், மனசுக்குத் தெரிஞ்சு கூப்பிட்டாரு என்றேன்.

இப்போது நான் யாரிடம் போய்ச் சொல்வது, அது மனசு இல்லை, புள்ளி என்று?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கோபப்படவும் முடியவில்லை. நீங்கள் வேவு பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இல்லை. அது எனக்கும் தெரிகிறது. அதற்காக, இனி ஆயுசுக்கும் ஒரு புள்ளியாக உங்கள் கையில் இருக்க என்னால் முடியாது. எதை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல்தான் தவிக்கிறேன்.

பயப்படாதீர்கள். இப்போது தேவலை. மாத்திரை சாப்பிடுகிறேன், தூக்கம் வருகிறது. அறைக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள், விடும் குறட்டைக்கு ஜன்னல் ஆடுகிறது. இரண்டு வேளையும் சாப்பிட்டாயா என்று கேட்டு உயிரை எடுக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். டாக்டர் எண்ணும் அவளிடம் இருக்கிறது.

வாண்டு


ஜூலை 1, செவ்வாய்

என் கண்ணே,

நேரம் எழுதவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

தபால்காரர் கொடுத்ததும் வாசல் கேட்டிலேயே நின்று பிரித்தேன். நீ உட்காரச் சொன்ன வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன், அப்புறம்தான் உட்கார்ந்தேன். படியில் உட்கார்ந்தேனா தரையில் உட்கார்ந்தேனா தெரியாது. அம்மா உள்ளிருந்து ஓடி வந்து, "யாருக்கு என்னங்க?" என்றாள். கடிதத்தை நீட்டினேன். படித்து முடித்துவிட்டு உள்ளே போனாள். சமையலறைக் குழாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள், மூடினாள். வெகுநேரம் அந்தச் சத்தம்தான் கேட்டது.

செருப்பு அறுந்திருக்கும் என்று நினைத்தேனே. பதினெட்டு நிமிஷம் பொறுத்தேனே. ஏன் பொறுத்தேன்? இந்த நினைப்பு என்னை நாலு நாளாகப் பிடுங்கித் தின்கிறது. பதினெட்டு நிமிஷமும் நான் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன்.

மறைக்காமல் சொல்கிறேன். அன்றே நீ திருப்பி அனுப்பிய போனை எடுத்துப் பொட்டலம் கட்டினேன். உனக்கே அனுப்பிவிடலாம், காலில் விழுந்தாவது வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அம்மா பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவிழ்த்தேன். ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டுக் காலையில் மறுபடி கட்டினேன். முகவரியும் எழுதிவிட்டேன். "இதுதானடி அவ உசிரைக் காப்பாத்திச்சு, இதைப் போய் வேணாங்கிறாளே" என்று கத்தினேன்.

அப்போதுதான் உன் அம்மா பேசினாள். சத்தம் போடவில்லை, அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் புள்ளி நின்னுச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுது. எதுக்கு நின்னாள்னு தெரிஞ்சுதா?"

"தெரியல."

"ஒன்பது மாசம் பாத்தீங்க. நோட்டு நோட்டா எழுதினீங்க. அவ மனசுல என்ன ஓடுதுன்னு ஒரு வரி தெரிஞ்சுதா? வாரா வாரம் டாக்டர்கிட்ட போயிருக்கா, நீங்க டயர் கடைக்காரன்கிட்ட மாப்பிள்ளை கேட்டீங்க. அதைத் திருப்பி அனுப்பினதுக்கப்புறம்தான் அவளே எல்லாத்தையும் எழுதியிருக்கா. புள்ளி சொல்லலீங்க, அவ சொல்லியிருக்கா."

நான் பொட்டலத்தை அவிழ்த்துவிட்டேன். அந்த ஒப்பந்தத்தை மறுநாளே போய் ரத்து செய்துவிட்டு வந்தேன். ஏன் சார், இன்னும் பதினைந்து மாதம் இருக்கிறதே என்றான் கடைப் பையன். இருக்கட்டும் என்றேன்.

அதே கடையில் எனக்கும் ஒரு பட்டன் போன் கேட்டேன்.

"யாருக்குப் பெரியவரே, வீட்டம்மாவுக்கா?"

"எனக்குத்தான்."

"இதுல ஒண்ணும் தெரியாதே சார்."

"ஒண்ணும் தெரியாமத்தான் வேணும்" என்றேன். என் பெரிய போனை அம்மா எடுத்துக்கொண்டாள், அதில் பாட்டு கேட்கிறாள். உன் இடம் அதில் இனி தெரியாது, அவளே கடையில் உட்கார்ந்து அழிக்கச் சொல்லி, அழித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள். என் எண் மாறவில்லை. சிம்மை மாற்றிப் போட்டாச்சு.

நோட்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நானே எரித்திருக்கலாம். எரித்தேன் என்று நான் சொல்வதை நீ எப்படி நம்புவாய்? அதனால் உனக்கே அனுப்பிவிட்டேன்.

நீ உன் டாக்டரிடம் சொன்னது பொய்யாகிவிட்டது என்று வருத்தப்படுகிறாய். எனக்கு மனசுக்குத் தெரியவில்லை, அது உண்மை. அதற்காக என்னை மன்னித்துவிடு. தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த எழுபத்திரண்டு நிமிஷம் பேசினது புள்ளி இல்லை வாண்டு, நான்தான்.

இப்போது காலையில் நீ வேலைக்குப் போய்விட்டாயா என்று தெரியாமல் டீ குடிக்கப் பழகுகிறேன். முதல் நாள் ஆறிப்போயிற்று. இரண்டாம் நாள் பாதி குடித்தேன். உன் எண்ணை அம்மாவிடம் மட்டும் கொடுத்தாலும் சரி. கொடுக்க இஷ்டமில்லை என்றாலும் சரி, வாரம் ஒரு கடிதம் போட்டுவிடு. இரண்டு வரி போதும்.

அப்பா


ஜூலை 7, திங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கும்தான்,

நோட்டு வந்தது. மூன்று நாள் பிரிக்காமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நேற்று உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். மார்ச் மாதம் ஒரு நாள் "8.15 வேலை சேர்ந்தது" என்பதற்குப் பக்கத்தில் "இன்று அவள் பிறந்தநாள்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். நோட்டு முழுவதிலும் அந்த ஒரு இடத்தில்தான் நான் அவள்.

எங்கள் வேலைக் கூடத்தில் பல் அச்சிலிருந்து மெழுகை உருக்கி எடுக்கும் உலை ஒன்று இருக்கிறது. இன்று வேலை முடிந்ததும் நோட்டைக் கிழித்து அதில் போட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "காதல் கடுதாசியா?" என்றார். "அப்பா எழுதினது" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார். பிப்ரவரி 11 தாளை மட்டும் போடவில்லை. அது என் பையில் இருக்கிறது. வியாழக்கிழமை டாக்டரிடம் காட்டப் போகிறேன்.

டயர் கடைக்காரரிடம் உங்கள் மன்னிப்பைச் சொன்னேன். பேரனுக்கு இரண்டு வயதுதான் ஆகிறது, கொஞ்சம் பொறுத்தால் பார்க்கலாம் என்றார்.

என் எண்ணை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. எழுதி அனுப்பினால் அதையும் நீங்கள் ஏதாவது நோட்டில் ஏற்றுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நானே கூப்பிடுகிறேன். எண் தானாக உங்கள் போனில் விழும். அதற்கப்புறம் உங்களுக்குத் தோன்றும்போது கூப்பிடுங்கள். நான் எடுக்கவில்லை என்றால் குளிக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மாதிரி ஒரு நாள் மறுபடி வந்தால், நீங்கள் கூப்பிடும்வரை நிற்காமல் நானே கூப்பிடுவேன். இதை நான் உங்களுக்குச் சத்தியமாகவே சொல்கிறேன்.

இந்தப் போனில் யாருடைய எண்ணையும் நான் ஏற்றவில்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உங்கள் எண் ஒன்றுதான், அதில் மூன்று இடத்தில் ஐந்து இருக்கிறது. நகத்தால் அழுத்தி அழுத்திப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆறு மணிக்கு வரவில்லை என்றால் ஐந்தோடு போராடிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். பத்து நிமிஷம் பொறுங்கள், பதறாதீர்கள்.

எடுத்ததும் குழாய், வாஷர், தொட்டி என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லார் வீட்டு அப்பாவும் முதலில் என்ன கேட்பார்களோ, அதையே நீங்களும் கேளுங்கள். எங்கே இருக்கிறேன் என்று நான் சொல்கிறேன்.

உங்கள்
வாண்டு